விழுந்ததும் கலைத்ததும்: கருக்கலைப்பில் கிறிஸ்தவ சபைகள் நின்ற இடம்

கேள்வி. மார்ச் 2, இரவு 9.40

பைபிள்ல கருக்கலைப்பைத் தடுக்குற வசனம் ஒண்ணுகூட கிடையாது. 1869 வரைக்கும் கத்தோலிக்க சபையே அதைப் பாவம்னு சொல்லலை. யாத்திராகமம் 21:22 படிச்சா கருவுக்கு வெறும் அபராதம்தான், உயிருக்கு உயிர் இல்லை. அப்புறம் எதுக்கு இவ்வளவு சத்தம்? தெரிஞ்சவங்க ஆதாரத்தோட சொல்லுங்க.

மார்ச் 2, இரவு 11.20

மூன்று விஷயம் சொல்லியிருக்கிறீர்கள். முதலாவது சரி. வேண்டுமென்றே கருவைக் கலைப்பதைப் பெயர்சொல்லித் தடுக்கும் வசனம் விவிலியத்தில் இல்லை. இரண்டாவது தவறு. மூன்றாவது, எந்த மொழிபெயர்ப்பைக் கையில் வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அது நீளும், நாளைக்கு.

1869இல் மாறியது தண்டனைச் சட்டம். பாவம் என்று சொன்னது அதற்கு ஏறக்குறைய 1700 வருடம் முன்னால். திதாக்கே என்கிற பழைய சபை ஒழுங்கு நூலின் 2ஆம் அதிகாரத்தில் கொலை, விபசாரம், களவு, சூனியம் என்று போகிற வரிசையில் கருவை அழித்துப் பிள்ளையைக் கொல்லாதே, பிறந்த பிள்ளையையும் கொல்லாதே என்று இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. பிறந்த குழந்தையை ஏற்பதா, வெளியே போட்டுவிடுவதா என்று தகப்பன் முடிவு செய்யும் வழக்கம் ரோமப் பேரரசில் இருந்தது. அதற்கு எதிராகத்தான் இந்த இரட்டைத் தடை. இன்னொரு ஆதிச் சபை நூலான பர்னபா நிருபம் 19ஆம் அதிகாரமும் இதையே சொல்கிறது. 197 வாக்கில் வட ஆப்பிரிக்கக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், மனிதனாகப் போவதும் மனிதனே என்று எழுதினார்.

இந்த இழை முழுக்க மூன்று கேள்வியைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பாவமா? கொலை என்கிற பாவமா? சபை கொடுக்கும் தண்டனை என்ன? முதல் கேள்விக்கு 20ஆம் நூற்றாண்டு வரை ஒரே பதில்தான். மற்ற இரண்டுக்கும் பதில் மாறிக்கொண்டே வந்தது. மூன்றாவதன் பதிலை எடுத்து முதலாவதில் ஒட்டும்போதுதான் குழப்பம் வருகிறது.

மார்ச் 3, காலை 7.10

யாத்திராகமம் 21:22. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில், இருவர் சண்டையில் கர்ப்பிணி அடிபட்டு "வேறே சேதமில்லாமல் கர்ப்பம் விழுந்துபோனால்" தண்டம். வேறே சேதம் உண்டானால் ஜீவனுக்கு ஜீவன். இதைப் படிப்பவர் கரு போனதற்கு அபராதம், தாய் போனால் உயிர் என்றுதான் எடுத்துக்கொள்வார். யூத ரபீக்களும் அப்படித்தான் படித்தார்கள்.

எபிரேயத்தில் அங்கே இருக்கிற வினை 'யாட்சா', அதாவது வெளியே வருதல். "அவள் பிள்ளைகள் வெளியே வந்து, ஆசோன் இல்லாதிருந்தால்" என்பதுதான் சொல்லுக்குச் சொல். ஆசோன் என்றால் பெருங்கேடு. யாருக்குக் கேடு, தாய்க்கா பிள்ளைக்கா என்று வாக்கியம் சொல்லவில்லை. இரண்டு அதிகாரம் தள்ளி 23:26இல் பிள்ளையை இழத்தல், கரு விழுதல் என்று பொருள்படும் 'ஷாகல்' என்ற வேர்ச்சொல் வருகிறது. நம் தமிழ் மொழிபெயர்ப்பு இரண்டு இடத்திலும் கர்ப்பம் விழுதல் என்றே போட்டுவிட்டதால் தமிழில் படிப்பவருக்கு இந்த வேறுபாடு கண்ணில் படவே வழியில்லை.

வெளியே வருவது என்றால் குறைமாதப் பிரசவம், குழந்தை பிழைத்தால் தண்டம், செத்தால் உயிருக்கு உயிர் என்று இப்போது பல இவாஞ்சலிக்கல் (நற்செய்திப் பிரிவு) புரொட்டஸ்டண்டுகள் படிக்கிறார்கள். என்.ஏ.எஸ்.பி. என்கிற ஆங்கில விவிலியத்தின் 1977 பதிப்பில் கருச்சிதைவு என்றிருந்தது, 1995 பதிப்பில் குறைமாதப் பிரசவம் ஆனது. நடுவில் எபிரேய மூலம் மாறவில்லை.

இதோடு கிரேக்க மொழிபெயர்ப்பு ஒன்று. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் செய்தது. அங்கே ஆசோனும் இல்லை, சேதமும் இல்லை. உருவம் பெறாத பிள்ளை வெளிவந்தால் தண்டம், உருவம் பெற்றதானால் உயிருக்கு உயிர். அடுத்த ஆயிரத்தைந்நூறு வருட மேற்கத்திய இறையியலுக்கு இந்த ஒரு சொல் மாற்றம்தான் வித்து. மேற்கின் பெரிய இறையியலாளர் அகுஸ்தீன் எபிரேயம் படித்தவர் இல்லை. அவர் கையிலிருந்த பழைய இலத்தீன், கிரேக்கத்திலிருந்து வந்தது.

மார்ச் 3, மாலை 6.30

காலையில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். குறைமாதப் பிரசவப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துவிட்டேன். எண்ணாகமம் 12:12இல் மிரியாமின் குஷ்டத்தைச் சொல்லும்போது செத்துப் பிறந்த பிள்ளைக்கும் அதே யாட்சாதான் வருகிறது. ஆகவே அந்த வினையை மட்டும் வைத்து எதையும் முடிக்க முடியாது. அந்தக் காலத்தில் அடிபட்டு முன்கூட்டிப் பிறந்த குழந்தை பிழைப்பதும் அபூர்வம். ஹம்முராபி சட்டத்திலும் (209, 210) இதே வழக்கு வருகிறது: கரு போனால் 10 சேக்கல் வெள்ளி, பெண்ணே செத்தால் அடித்தவனுடைய மகளைக் கொல். யாத்திராகமச் சட்டம் இந்தச் சட்ட மரபின் பின்னணியில் எழுந்தது.

எப்படிப் படித்தாலும் அது சண்டையில் பட்ட அடிக்கான சட்டம். ஒரு பெண் தானே போய்க் கலைப்பதைப் பற்றி அது பேசவில்லை. இதை வைத்துக் கருக்கலைப்பு சரி என்று வாதிடுவதும் தப்பு, கொலை என்று வாதிடுவதும் தப்பு. இரண்டு பக்கமும் இந்த வசனத்தை விட்டுவிடுவது நல்லது.

மார்ச் 3, இரவு 10.05

கணவன் சந்தேகப்படும் மனைவியைச் சாபத் தண்ணீர் குடிக்கவைத்துச் சோதிக்கும் எண்ணாகமம் 5, கருக்கலைப்புச் சடங்கா என்று கேட்டவருக்கு, சுருக்கமாக. மண்பாத்திரத்தில் பரிசுத்த ஜலம், ஆசரிப்புக் கூடாரத் தரையின் புழுதி, அதில் கழுவிவிட்ட சாபச் சொற்களின் மை. இதில் கருவைக் கலைக்கும் மருந்து எதுவும் இல்லை. அந்தப் பெண் கர்ப்பிணி என்றும் எங்கேயும் சொல்லவில்லை. இடுப்பு சூம்பும் என்பதை கருச்சிதைவு என்று என்.ஐ.வி. என்கிற ஆங்கில மொழிபெயர்ப்பின் 2011 பதிப்பு போட்டிருக்கிறது, அது ஒரு விளக்கம், மூலச் சொல் அதுவல்ல.

மார்ச் 4, காலை 8.00

ஆதியாகமம் 2:7ஐக் காட்டி, மூச்சு விட்ட பிறகுதான் மனிதன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆதாம் கருப்பையிலிருந்து வரவில்லை. அந்த வசனத்தைக் கருவுக்கு அளவுகோலாக வைக்க முடியாது. எதிர்ப்பக்கத்துக்கும் இதே கறார் வேண்டும். சங்கீதம் 139 ஜெபம், எரேமியா 1:5 ஒரு தீர்க்கதரிசியின் அழைப்பு. கருவறைக்குள்ளேயே கடவுள் ஒருவரை அறிகிறார் என்பதற்கு அவை பலமான சாட்சி. எத்தனையாவது நாளில் ஆன்மா என்பதற்கு அவற்றில் பதில் தேடக்கூடாது. லூக்கா 1:41இல் எலிசபெத்தின் வயிற்றில் துள்ளிய பிள்ளைக்கும், 2:12இல் முன்னணையில் கிடக்கும் பிள்ளைக்கும் கிரேக்கத்தில் ஒரே சொல், 'ப்ரெஃபோஸ்'. எனக்கு மற்ற எல்லா வசனத்தையும்விட இது கனமாகப் படுகிறது. வாதத்துக்காக எழுதிய இடம் இல்லை, போகிற போக்கில் வந்து விழுந்த சொல். அதனால்தான்.

மார்ச் 4, இரவு 9.15

உருவம் பெற்றது, பெறாதது என்கிற பிரிவு எங்கே போனது என்று கேட்டீர்கள்.

உருவம் பெற ஆண் கருவுக்கு 40 நாள், பெண் கருவுக்கு 90 நாள் என்றார் அரிஸ்டாட்டில். லேவியராகமம் 12இல் பிரசவத் தீட்டும் ஆணுக்கு 40, பெண்ணுக்கு 80. இடைக்கால ஆசிரியர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தார்கள். உருவம் வந்த பிறகுதான் பகுத்தறிவுள்ள ஆன்மா என்று 13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் எடுத்துக்கொண்டார். அதற்கு முன்னால் கலைப்பது கொலைக் கணக்கில் வராது, ஆனாலும் கனமான பாவம். 1140 வாக்கில் கிராசியன் தொகுத்த திருச்சபைச் சட்ட நூலும் இதே பாதை.

1588இல் போப் ஐந்தாம் சிக்ஸ்துஸ் இந்தப் பிரிவையே தூக்கிவிட்டு, எந்த நிலையில் கலைத்தாலும் கொலைக்குரிய தண்டனை, மன்னிப்பு ரோமிலிருந்து மட்டும் என்றார். நடைமுறையில் தாங்கவில்லை. 1591இல் போப் பதினான்காம் கிரகோரியார் தண்டனையை ஆன்மா பெற்ற கருவோடு நிறுத்தினார். அப்படியே 1869 வரை. அந்த வருடம் போப் ஒன்பதாம் பத்திநாதர் (பயஸ்) பிரிவைச் சொல்லாமல் "கருக்கலைப்பு செய்வோர்" என்று மட்டும் எழுதினார். நீங்கள் பிடித்துக்கொண்ட வருடம் இதுதான். நடுவில் 1827இல் பாலூட்டிகளின் சினைமுட்டையை உயிரியலாளர் ஃபான் பேர் கண்டிருந்தார், 40 நாள் கணக்குக்கு உயிரியலில் ஆதாரம் போய்விட்டிருந்தது.

இன்றும் ஆன்மா எந்த நிமிடம் என்று கத்தோலிக்க சபை வரையறுக்கவில்லை. 1974 வத்திக்கான் அறிக்கை அந்தக் கேள்வியைத் திறந்தே விட்டிருக்கிறது. புதருக்குள் அசைவது மானா ஆளா தெரியாதபோது வேட்டைக்காரன் சுடக்கூடாது. மனித ஆளாக இருக்கக்கூடும் என்பதே கைவைக்காதிருக்கப் போதும் என்று போப் இரண்டாம் யோவான் பவுலின் 1995 சுற்றுமடல் வாதிடுவதும் இதே வழியில்தான்.

மார்ச் 5, காலை 6.50

நேற்றைய பதிவு மேற்கை மட்டும் சொல்லியது. கிழக்கில் 4ஆம் நூற்றாண்டிலேயே ஆயர் பெரிய பசிலியு, வேண்டுமென்றே கலைப்பது கொலை, உருவம் பெற்றது பெறாதது என்கிற நுணுக்கம் எங்களிடம் இல்லை என்று எழுதிவிட்டார். அதே கடிதத்தில் அவள் தவம் செய்ய வேண்டிய காலம் 10 வருடம், சாகும்வரை இல்லை, அதையும் காலத்தை வைத்து அளக்காமல் மனந்திரும்பும் விதத்தை வைத்து அளக்க வேண்டும் என்கிறார். கொலை என்று சொன்ன அதே வாய்தான் தண்டனையைக் குறைத்தது. 314இல் அங்கீராவில் ஆயர்கள் கூடிய சங்கமும் வாழ்நாள் விலக்கை 10 வருடமாக்கியது. ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபையின் 2000ஆம் ஆண்டு சமூகக் கோட்பாடும் இந்தத் தடத்தில்தான்: தாயின் உயிருக்கு நேரடி ஆபத்து, குறிப்பாக வேறு பிள்ளைகள் இருக்கும்போது, அவளை நற்கருணையிலிருந்து விலக்காதே, தவம் மட்டும் உண்டு.

மார்ச் 5, இரவு 10.40

"கருக்கலைப்பு செய்தால் உடனே சபையைவிட்டு விலக்கு" என்று யாரோ எழுதியதைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இந்த வரியைப் பயந்துபோன பெண்கள் படிப்பார்கள்.

இலத்தீன் கத்தோலிக்க சபையின் சட்டத் தொகுப்பு, எண் 1398: கருக்கலைப்பு செய்து, அது நிறைவேறினால், தானாகவே விழும் சபை விலக்கு. நிறைவேறினால் என்பதைக் கவனியுங்கள், முயன்று தவறியது இதில் சேராது. அடுத்து 1323, 1324 படிக்க வேண்டும். 16 வயது நிறையாதவருக்குத் தண்டனையே கிடையாது. 18 நிறையாதவர், கடும் அச்சத்தில் செய்தவர், இப்படி ஒரு தண்டனை இருப்பதே தன் தவறில்லாமல் தெரியாதவர், இவர்கள் மேல் அந்தத் தானியங்கி விலக்கு விழாது. வீட்டில் அடி விழும் என்று நடுங்கிக்கொண்டு போன பெண் பெரும்பாலும் இந்த விதிவிலக்குக்குள் வந்துவிடுவாள். மனசாட்சியின் கேள்வி அவளுக்குத் தனியாக இருக்கிறது, அதற்கு ஒப்புரவு அருளடையாளம் (பாவசங்கீர்த்தனம்) இருக்கிறது.

மறுபக்கம், ஸ்கேனில் பெண் என்று தெரிந்து மருமகளைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போன மாமியார், பணம் கட்டிய கணவன், நிதானமாகச் செய்த மருத்துவர். உடந்தை பற்றி 1329 இருக்கிறது. அவர்கள் துணையில்லாமல் அது நடந்திருக்காது என்றால் விலக்கு அவர்கள்மேல்தான் நேராக விழும். பிரசங்க மேடையில் பேசுவது அவளைப் பற்றி, சட்டம் முதலில் தேடுவது இவர்களை. இது எனக்கு ஆறாத கோபம்.

ஆயரிடம் போனால்தான் மன்னிப்பு என்பதும் பழைய கதை. 2016 நவம்பர் 20 கடிதத்தில் போப் பிரான்சிஸ் எல்லாக் குருக்களுக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுத்துவிட்டார்.

மார்ச் 6, காலை 7.30

மூன்று திருத்தம். 2021 டிசம்பர் 8 முதல் தண்டனைப் பகுதி புதிதாக எழுதப்பட்டது. கருக்கலைப்பு இப்போது 1397, பிரிவு 2. 1398 இப்போது சிறார்மீதான குற்றங்களுக்குரிய எண். பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதிவிட்டேன்.

அடுத்தது, 2016க்கு முன்னும் பல ஆயர்கள் தங்கள் மறைமாவட்டக் குருக்கள் எல்லாருக்கும் அந்த அதிகாரத்தை ஏற்கெனவே கொடுத்திருந்தார்கள்.

கடைசியாக, நான் சொன்னது இலத்தீன் சபைக்கு மட்டும். கீழைக் கத்தோலிக்க சபைகளின் 1990 தொகுப்பில் (எண் 1450) தானாக விழும் விலக்கே கிடையாது. விலக்கு உண்டு, அதை விசாரித்து விதிக்க வேண்டும். தொலைவிலுள்ள விஷயம் இல்லை இது. கன்னியாகுமரி மாவட்டத்தில் கோட்டாறும் குழித்துறையும் இலத்தீன் மறைமாவட்டங்கள், தக்கலை சீரோ மலபார், மார்த்தாண்டம் சீரோ மலங்கரா. ஒரே தெருவில் இரண்டு கத்தோலிக்க வீடு, ஒரே செயல், இரண்டு சட்டம். பாவம் என்பதில் இரண்டு சட்டத்துக்கும் வேறுபாடு இல்லை. முதல் நாள் கேள்வியைப் பிரிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

மார்ச் 7, இரவு 9.50

கருக்குழாய்க் கர்ப்பம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். "அதையும் தொடக்கூடாது என்பார்களா?" தொடலாம். எப்படி என்பதில்தான் விவாதம்.

கருப்பைக்கு வெளியே தங்கும் கர்ப்பங்களில் சுமார் 95 சதவீதம் கருக்குழாயில். கருப்பையைப் போல விரிய குழாயால் முடியாது. கரு வளர்ந்தால் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டலாம். அந்தக் கரு பிழைக்க வழியில்லை, விட்டால் தாயும் போகக்கூடும். சிகிச்சை மூன்று. குழாயின் அந்தப் பகுதியையே வெட்டி எடுப்பது. குழாயைக் கீறி கருவை மட்டும் எடுத்துவிட்டுக் குழாயை விட்டுவைப்பது. மெத்தோட்ரெக்ஸேட் என்கிற மருந்தை ஊசியாகப் போடுவது.

1902இல் ரோமின் 'ஹோலி ஆபீஸ்', அதாவது கோட்பாட்டைக் காக்கும் மன்றம், கருவை நேராக எடுப்பதை மறுத்தது. 1930களில் இறையியலாளர்கள் வழி கண்டார்கள். கரு தங்கி அரித்த குழாய் நோயுற்ற உறுப்பு. அதை எடுப்பது நோயை எடுப்பது. கரு சாவது முன்கூட்டித் தெரிந்த, நாடாத விளைவு. இரட்டை விளைவுக் கோட்பாடு இது. செயல் தன்னளவில் தீயதாக இருக்கக்கூடாது, தீய விளைவை நாடக்கூடாது, தீயதன் வழியாக நல்லது வரக்கூடாது, காரணம் அதற்கு ஈடான கனமுள்ளதாக இருக்க வேண்டும். கருப்பைப் புற்றுக்கு கர்ப்பத்தோடு கருப்பையை எடுப்பதும் இப்படித்தான் அனுமதி.

குழாய் எடுப்பதில் ஏறக்குறைய எல்லாரும் ஒத்துப்போகிறார்கள். மற்ற இரண்டிலும் இல்லை. மெத்தோட்ரெக்ஸேட் ஃபோலிக் அமிலத்தைத் தடுத்து, வேகமாகப் பிரியும் ட்ரோஃபோபிளாஸ்ட் செல்களை (பின்னால் நஞ்சுக்கொடியாகும் செல்கள்) நிறுத்துகிறது. அந்தச் செல்கள் குழாயை அரிக்கும் திசு, ஆகவே நோயைத்தான் தாக்குகிறது என்கிறார் ஒருவர். அவை கருவின் சொந்த உறுப்பு, ஆகவே கருவைத்தான் தாக்குகிறது என்கிறார் இன்னொருவர். இருவரும் சபைக்குள்ளேயே இருக்கும் கத்தோலிக்கர்கள். அமெரிக்க ஆயர்களின் மருத்துவமனை நெறிமுறை (எண் 48) நேரடிக் கருக்கலைப்பான தலையீடு கூடாது என்று நிறுத்திக்கொள்கிறது, எந்த முறை என்று பெயர் சொல்வதில்லை.

மார்ச் 8, காலை 6.15

இரவு முழுக்க மூன்றாவது நிபந்தனை, தீயதன் வழியாக நல்லது வரக்கூடாது என்பது, மனதில் ஓடியது. குழாயை எடுத்தால் அடுத்த கர்ப்பத்துக்கு ஒரு குழாய்தான் மிச்சம். ஏற்கெனவே ஒன்றை இழந்தவளுக்கு அதுவும் இல்லை. கருவின் முடிவு எப்படியும் ஒன்றே என்றிருக்கும்போது தாயின் உடம்பில் அதிகம் வெட்டும் வழியே ஒழுக்கத்தில் பத்திரமான வழி என்று ஆகிவிடுவது எனக்கு நெருடுகிறது. கோட்பாடு பொய் என்று சொல்ல வரவில்லை. அதன் விலையை யார் உடம்பு கொடுக்கிறது என்பதைச் சொல்லாமல் கற்பிக்கக்கூடாது.

2009இல் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் செயின்ட் ஜோசப் மருத்துவமனையில் இந்த எல்லைக்கோடு வெடித்தது. 11 வாரக் கர்ப்பம், நுரையீரல் ரத்தக்கொதிப்பு. கர்ப்பத்தில் ரத்த அளவு 40 முதல் 50 சதவீதம் கூடும். நுரையீரல் தமனி சுருங்கியவளின் வலது இதயம் அதைத் தள்ள முடியாமல் செயலிழக்கும். இங்கே எடுக்க நோயுற்ற உறுப்பு என்று ஒன்று வயிற்றில் இல்லை. நெறிமுறைக் குழு கலைக்க அனுமதித்தது, தாய் பிழைத்தாள். நேரடிக் கருக்கலைப்பு என்று ஆயர் முடிவுசெய்து, 2010 டிசம்பரில் மருத்துவமனையின் கத்தோலிக்க அந்தஸ்தை எடுத்துவிட்டார். நஞ்சுக்கொடிதான் இதயத்தைக் கொல்கிறது, அதை எடுப்பது நோயை எடுப்பதே என்று மருத்துவமனைப் பக்கம் வாதிடப்பட்டது. குழாய் பற்றிய வாதத்தின் அதே தர்க்கம். குழாய்க்கு ஏற்று, நஞ்சுக்கொடிக்கு மறுப்பதற்கு எனக்கு இன்னும் நிறைவான காரணம் கிடைக்கவில்லை.

மார்ச் 9, மதியம் 1.20

புரொட்டஸ்டண்ட் பக்கம் ஒரே குரல் என்று நினைக்க வேண்டாம். கால்வின் யாத்திராகமம் 21 விளக்கத்தில் வயிற்றிலிருக்கும் கருவும் ஏற்கெனவே மனிதனே என்கிறார். ஆங்கிலிக்கன் ஆயர்களின் 1930 லாம்பெத் மாநாடு 15ஆம் தீர்மானத்தில் கருத்தடைக்கு வரம்போடு இடம் கொடுத்து, அடுத்த தீர்மானத்திலேயே கருக்கலைப்பை வெறுத்து ஒதுக்கியது. ஐக்கிய கிறிஸ்து சபை போன்ற அமெரிக்கச் சபைகள் 1970களிலிருந்து முடிவைப் பெண்ணின் மனசாட்சிக்கு விட்டன.

பலர் மறந்துபோனது, அமெரிக்காவின் பெரிய புரொட்டஸ்டண்ட் சபையான சதர்ன் பாப்டிஸ்ட் மாநாடு 1971இல் செய்த தீர்மானம். பாலியல் வன்முறை, முறைகேடான உறவு, கருவின் கடும் குறைபாடு, தாயின் உடல், மன, உணர்வு நலத்துக்குக் கேடு, இவற்றில் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டத்துக்கு உழைக்கும்படி உறுப்பினரை அது கேட்டுக்கொண்டது. 1980இல் எதிர்த்திசை. 2003இல் பழைய தீர்மானங்களுக்காக வருந்தி இன்னொரு தீர்மானம். ஒரே சபை, ஒரே விவிலியம், 32 வருடம். நினைப்பு மாறியது என்று பகிரங்கமாக எழுதிவைத்ததை நான் மதிக்கிறேன்.

மார்ச் 10, இரவு 11.00

தனிச்செய்தியில் ஒருவர் கேட்டது, பெயரில்லாமல் இங்கே. டிஸ்சார்ஜ் தாளில் "மிஸ்டு அபார்ஷன்" என்றும், மேலே "ஜி2 பி0 ஏ1" (ஜி கர்ப்பங்கள், பி பிரசவங்கள், ஏ அபார்ஷன்கள்) என்றும் இருக்கிறதாம். ஒப்புரவில் இதைச் சொல்ல வேண்டுமா?

வேண்டாம் அம்மா. மருத்துவத்தில் தானாகக் கலைந்ததற்கும் அபார்ஷன்தான் பெயர், அந்த ஏ என்ற எழுத்து இரண்டையும் சேர்த்தே எண்ணும். மிஸ்டு என்றால் துடிப்பு முன்பே நின்றுவிட்டது, உடம்பு இன்னும் வெளியேற்றவில்லை என்று பொருள். அதற்குப் பிறகு "கழுவியது" கருக்கலைப்பு ஆகாது. தமிழ் இதைச் சுத்தமாகப் பிரித்து வைத்திருக்கிறது: கலைந்தது, கலைத்தது. உங்களுடையது கலைந்தது. இதில் பாவம் தேட இடமில்லை.

மார்ச் 11, காலை 7.00

நேற்றைய பதிவுக்குத் தொடர்ச்சி. குழந்தையை என்ன செய்வது என்றும் அவர் கேட்டிருந்தார். அவருக்குக் காலம் கடந்துவிட்டது, மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

இந்தியாவில் 2016 உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி பிழைக்கும் பருவத்துக்கு முந்தைய சிசு மஞ்சள் பையில் போகும். எரிப்பு நிலையத்துக்கு வண்டி வந்துவிட்டால் திரும்பக் கேட்க முடியாது. அடக்கம் செய்ய விரும்பினால் சிகிச்சைக்கு முன்பே, அனுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போதே, எங்களுக்கு வேண்டும் என்று வார்டு சிஸ்டரிடமும் மருத்துவரிடமும் சொல்லி எழுதிக்கொடுங்கள். நோயியல் பரிசோதனைக்குப் போகிறதா, போனால் எப்போது திரும்பும் என்றும் கேளுங்கள்.

உயிரோடு வெளிவந்தால் யாரும் திருமுழுக்குக் கொடுக்கலாம். நர்ஸ் இந்துவாக இருந்தாலும் சரி, சபை செய்வதைச் செய்யும் எண்ணம் இருந்தால் போதும். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே உனக்குத் திருமுழுக்குக் கொடுக்கிறேன். துடிப்பு இருக்கிறதா என்று சந்தேகமானால் "நீ உயிரோடிருந்தால்" என்று முன்னால் சேர்த்துக்கொள்ளலாம். இறந்து வந்தால் திருமுழுக்கு இல்லை. ஆனால் பெற்றோர் திருமுழுக்குக் கொடுக்க எண்ணியிருந்த குழந்தைக்கு ஆயரின் அனுமதியோடு அடக்கச் சடங்கு உண்டு (இலத்தீன் சட்டத் தொகுப்பு, எண் 1183, பிரிவு 2). கருச்சிதைவுக்குப் பிறகு பெற்றோரை ஆசீர்வதிக்கும் சடங்கும் அமெரிக்க ஆசி நூலில் தனியாக இருக்கிறது. பங்குத்தந்தைக்குத் தெரியவில்லை என்றால் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.